திருத்தத் திருத்த நாவல் கசக்கிறது என்றால் கோளாறு எங்கே?

பர்மாவின் தாட்டோன் ஊரிலிருந்து எழுதியிருக்கும் அன்பர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். தம் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை, 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பர்மா இந்தியர்கள் இந்தியாவுக்கு நடந்த நடைப்பயணத்தில் தொடங்கி 1988 வரை, ஒன்றரை ஆண்டில் 96,000 சொற்களில் எழுதி முடித்திருக்கிறார். எழுதிய நாள்களில் சோறு தண்ணீர் நினைவில்லாத மகிழ்ச்சி இருந்திருக்கிறது. இரண்டு முறை திருத்திய பிறகு இப்போது கோப்பைத் திறந்தாலே கூச்சமாக இருக்கிறதாம். நாவலை எத்தனை முறை திருத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருடைய கேள்வி. எண்ணிக்கையைப் பற்றிய கேள்வியாக அது எழுதப்பட்டிருந்தாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. இந்தக் கூச்சம் நாவல் மோசமாக இருப்பதால் வருகிறதா, எழுதியவர் களைத்துப் போனதால் வருகிறதா என்பதே அது. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

சொல்வதற்கு எனக்குள்ள தகுதி எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன். அச்சகத்தில் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தேன்; கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இரண்டு நாவல்கள் எழுதினேன். இரண்டும் சென்னையில் அச்சாயின. மூன்றாவது, டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. மூன்றுமே குடும்பக் கதைகள். எனவே துப்பறியும் கதையையோ மாயக் கதையையோ எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதற்கு உறுதி தர இயலாது. உங்கள் பிரதியை நான் பார்த்ததும் இல்லை. பார்க்காத பிரதிக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஐயமே இல்லாத ஒன்றை முதலில் வைக்கிறேன்: எழுதும்போது வந்த மகிழ்ச்சியும் சரி, திருத்தும்போது வரும் கசப்பும் சரி, பிரதியின் தரத்துக்குச் சாட்சி ஆகா. முதல் நாற்பது ஐம்பது பக்கம் வெள்ளமாக வருவதற்குக் காரணம் எளிது. பாட்டி சொன்னது, அடுப்படியில் ஒட்டுக்கேட்டது, பெட்டியில் கிடந்த கடிதம் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த சரக்கு அது. மூன்றில் ஒரு பங்கு எழுதியதும் அந்தச் சரக்கு தீர்ந்துவிடும். அதற்கு மேல் கதை நகர வேண்டுமானால், கதைமாந்தர் தாமாக முடிவெடுத்தாக வேண்டும். அவர்கள் யாரென்று எழுதுகிறவருக்கே அப்போது சரியாகத் தெரிந்திருக்காது. என் முதல் நாவலில், பசுண்டாங் அரிசி ஆலையில் கணக்கெழுதும் ஒருவர் பதினொன்றாம் அத்தியாயம்வரை தடதடவென்று வந்தார்; பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஆலை வாசலில் நின்றவர் நான்கு மாதம் அங்கேயே நின்றார். திறமை வற்றிவிட்டது என்று நானும் நம்பினேன். வற்றியது நினைவுச் சரக்கு மட்டும்தான் என்பது, முடித்து வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

நீங்கள் அந்தக் கண்டத்தைத் தாண்டி முடித்துவிட்டீர்கள், அதனால் அதை நீட்டவில்லை. ஆனால் சொற்கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1999இல் தொடங்கி, பிறகு நவம்பர் மாதத்துக்கு மாறிய ஓர் எழுத்து முயற்சியால், 30 நாளில் 50,000 சொற்கள், நாளொன்றுக்கு 1,667 என்ற கணக்கு இணையம் முழுவதும் பரவிவிட்டது. அது ஆங்கிலச் சொற்களுக்கான கணக்கு. 'வந்துகொண்டிருந்திருக்கலாம்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நான்கைந்து சொற்கள் வேண்டும். ஆகவே தமிழில் 96,000 சொற்கள் என்பது சிறிய பொருளன்று. பக்கத்துக்கு 230 சொற்கள் என்று வைத்துக்கொண்டாலும் அச்சில் 400 பக்கத்தைத் தாண்டும். அவ்வளவு பெரிய ஒன்றை இடைவெளி இல்லாமல் இரண்டு முறை உழுதவருக்கு அலுப்பு வராமல் இருந்தால்தான் நான் வியப்படைவேன்.

அலுப்பா, குறையா என்று பிரித்தறிய நான் கையாளும் சோதனை ஒன்று உண்டு. பிரதியை அச்செடுத்து, குறைந்தது ஆறு வாரம் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு இரண்டு மூன்று நாளில் ஒரே மூச்சாகப் படிக்க வேண்டும். கையில் பென்சில் இருக்கலாம். ஆனால் ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது. கூச்சம் வரும் இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். படித்து முடித்ததும் புள்ளிகளை மட்டும் பாருங்கள். அவை எல்லாப் பக்கங்களிலும் தூறல் விழுந்ததுபோல் சமமாகப் பரவியிருந்தால், அது பெரும்பாலும் களைப்பு. பிரதியை இன்னும் சில வாரம் மூடி வைப்பதே மருந்து. சில அத்தியாயங்களில், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆள் வரும் இடங்களில் மட்டும் மொய்த்திருந்தால், அங்கே ஏதோ ஒன்று உண்மையாகவே பழுது. திரையில் படித்தால் இது பலிப்பதில்லை, விரல் தானாகத் திருத்தப் போய்விடும். எங்கள் தெருவின் மின்வெட்டுக்கு நான் நன்றி சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் காகிதத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

பழுதான இடங்கள் தெரிந்த பிறகு எதை முதலில் திருத்துவது என்பதிலும் எனக்கு ஐயமில்லை: கட்டுமானம் முதலில், வாக்கியம் பிறகு, சந்தி கடைசியில். நானோ மெய்ப்புப் பார்த்த பழக்கத்தில் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதல் நாவலின் எட்டாம் அத்தியாயத்தில் வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாவற்றையும் ஒரு மாதம் உட்கார்ந்து சரிசெய்தேன்; அடுத்த மாதம் அந்த அத்தியாயமே தேவையில்லை என்று தெரிந்து முழுவதையும் எடுத்துப் போட்டேன். உங்களுடைய இரண்டு திருத்தங்களும் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டுமே வாக்கியத் திருத்தமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். வாக்கியத்தை மட்டுமே தேய்க்கும்போதுதான் கசப்பு இவ்வளவு விரைவாக வரும். சுவர் கோணலாக இருக்கையில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மனம் சலிக்கும்.

கட்டுமானத் திருத்தம் என்றால் என்ன என்பதற்கு என் இரண்டாம் நாவலிலிருந்து ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 1964ஐப் பற்றிய அத்தியாயம். முதல் வரைவில் அது மூன்று பக்க வரலாற்றுடன் தொடங்கியது: 1962 மார்ச்சில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1963இல் வங்கிகள் அரசுடைமையானது, மறு ஆண்டு கடைகள் பறிபோனது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அந்த மூன்று பக்கமும் என் ஆள்கள் சுவரோரமாகக் கைகட்டி நின்றார்கள். திருத்தத்தில் வரலாறு ஒன்றரை வரியாகச் சுருங்கியது. பாட்டி தன் தலையணையின் தையலைப் பிரித்து, பஞ்சுக்குள்ளிருந்து நூறு கியாட் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் அடுக்குகிறாள். இப்படி ஒரு பணம் வீட்டில் இருப்பதே அதுவரை தாத்தாவுக்குத் தெரியாது. அவருக்கு அரசாங்கம் மறந்துபோகிறது. 'எத்தனை வருசமா?' என்று மட்டும் கேட்கிறார். அந்த அத்தியாயம் பணமதிப்பு இழந்ததைப் பற்றியதன்று, ஒரு திருமணத்தைப் பற்றியது என்பது அதை நான்காவது முறை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. நீங்கள் 1942இல் தொடங்குவதால் இந்த ஆபத்து உங்களுக்கு இன்னும் அதிகம். ரங்கூனில் 1941 டிசம்பர் 23 அன்று விழுந்த குண்டு, நடைவழிகளிலிருந்த தாங்குப் கணவாய், கலேவா, தமு, இம்பால் என்று அந்தக் காலத்துக்கு இருக்கும் வலுவில் உங்கள் குடும்பம் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமற்போய்விடலாம். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா போல அந்த வழியை நடந்தவர்களே எழுதி வைத்ததைப் படியுங்கள்; ஆனால் படிப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் ஆள் தலையில் எதைச் சுமந்தார், எதை எந்த மைலில் வழியோரத்தில் வைத்துவிட்டுப் போனார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

வாக்கியத்துக்கு வந்தால், தமிழுக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். நம் வாக்கியம் வினைமுற்றில் முடிவதால், விரைந்தெழுதும் முதல் வரைவில் ஒரே ஓசை அடுத்தடுத்து விழும். நான் இப்படி எழுதியிருந்தேன்: 'தாத்தா கதவைத் திறந்தார். உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றினார். ஆணியில் மாட்டினார். பாட்டியைப் பார்த்தார்.' வாய்விட்டுப் படித்தால் உலக்கை விழுவதுபோல் இருக்கிறது. திருத்தியபோது, 'கதவைத் திறந்து உள்ளே வந்த தாத்தா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை பாட்டியின் பக்கம் திரும்பவில்லை' என்று ஆயிற்று. ஓசையைச் சரிசெய்யத்தான் உட்கார்ந்தேன். வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டு போகையில், அவர் பாட்டியைப் பார்க்கத் தயங்கினார் என்ற செய்தி தானாக வந்து விழுந்தது. இப்படி நடக்கும் நாள்களில் திருத்தம் முதல் வரைவைவிட இன்பமானது. அதற்காக எல்லா வாக்கியங்களையும் நீட்டிவிடாதீர்கள். குண்டு விழும் இரவுக்கு அந்த உலக்கைச் சத்தமே பொருத்தமாக இருக்கலாம். வாய்விட்டுப் படிப்பதை மட்டும் விடக் கூடாது. 400 பக்கத்தையும் படிக்கத் தொண்டை தாங்காது என்றால் உரையாடல்களையாவது படியுங்கள்.

உரையாடல் என்றதும், பர்மியச் சொற்களை என்ன செய்வது என்று நீங்கள் பின்குறிப்பில் கேட்டிருந்தது நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரிய வேண்டும் என்று முதல் நாவலில் அடைப்புக்குறியும் அடிக்குறிப்புமாகப் போட்டுத் தள்ளினேன். பேசுகிறவர் பேச்சுக்கு நடுவில் அகராதியைப் புரட்டுவதுபோல் இருந்தது. இப்போது அடைப்புக்குறியே போடுவதில்லை. மொகிங்கா என்று எழுதிவிட்டு, வாழைத்தண்டு வெந்த மீன்குழம்பை அரிசிச் சேவைமேல் ஊற்றும் கடைக்காரியின் அகப்பையைக் காட்டினால் போதும், எந்த ஊர் வாசகரும் தெரிந்துகொள்வார். கதைமாந்தர் இருவரும் தமிழரானால் அவர்கள் எந்த நேரத்தில் பர்மிய மொழிக்குத் தாவுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் கணக்கும் சண்டையும் தமிழில் நடக்கும், பொய் பர்மிய மொழியில் வரும். உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம்.

தகவல் பிழைகளைத் தனியாக ஒரு சுற்றில் தேட வேண்டும். கதையின் ஓட்டத்தில் படிக்கும்போது அவை கண்ணுக்குத் தப்பிவிடும். என் பிரதியில் 1983இல் ஒருவர் கடையில் 75 கியாட் நோட்டை நீட்டினார். ஐந்து சுற்றுத் திருத்தத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை. எங்கள் தெரு மளிகைக்காரர், நாவல் படிக்கும் வழக்கமே இல்லாத பெரியவர், நான் கட்டாயப்படுத்தியதால் நாற்பது பக்கம் படித்துவிட்டு, 'தம்பி, இந்த நோட்டு வந்ததே 1985 கடைசியில. 87இல செல்லாதுன்னுட்டான். இவர் எப்படி 83லயே கொடுத்தார்?' என்று கேட்டார். நம் நாட்டுக் கதைக்கு இப்படிப்பட்ட குழிகள் ஏராளம். 1970வரை வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் ஓடின. அந்த ஆண்டு டிசம்பரில்தான் வலப்பக்கம் மாறின. ரங்கூன் யாங்கோன் ஆனதும் பெகு பாகோ ஆனதும் 1989இல். உங்கள் கதை 1988இல் முடிவதால், கதை சொல்பவரே பிற்காலத்திலிருந்து பேசினாலன்றி புதிய பெயர்கள் உள்ளே வரக் கூடாது. ரங்கூன் மொகல் தெருவைச் செட்டியார் கிட்டங்கி மேலாள் ஒருவர், அதன் இன்றைய பெயரான ஷ்வே பொன்தா தெரு என்று சொன்னால், அந்த ஒரு சொல்லிலேயே பழைய ரங்கூன் வாசகர் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

பிறரிடம் படிக்கக் கொடுப்பதைப் பற்றி: கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் சொந்தக்காரர்களுக்கு முதலில் வேண்டாம். அவர்கள் நாவலைப் படிக்க மாட்டார்கள், குடும்பப் படத்தில் தங்கள் முகத்தைத் தேடுவார்கள். என் அத்தை ஒருவர், 'அப்பா ஒரு நாளும் அப்படிப் பேச மாட்டார்' என்று சொன்னதற்காக ஒரு நல்ல அத்தியாயத்தைக் கெடுத்துக்கொண்டேன். குடும்பத்தைத் தெரியாத இருவர், அந்தக் காலத்தைத் தெரிந்த ஒருவர், ஆக மூவர் போதும். எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் அங்கே பழுது என்பது உறுதி. அதைச் சரிசெய்ய அவர்கள் சொல்லும் வழியை மட்டும் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ள வேண்டாம். பழுது பெரும்பாலும் அந்த இடத்துக்கு முப்பது பக்கம் முன்னால் இருக்கும்.

என் தலைமுறைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நாட்டில் 2012 ஆகஸ்ட்வரை எந்த எழுத்தும் அச்சாகும் முன் தணிக்கைக்குப் போயாக வேண்டும். திருத்தம் என்றால் அதிகாரி கோடு போடுவதற்கு முன் நாமே கோடு போட்டுக்கொள்வது என்ற பொருளில்தான் எங்கள் கை பழகியது. என் நாவல்கள் சென்னையில் அச்சானபோதும், அடிக்கும் வரிகளில் எது தேவையற்றது, எது பயத்தால் அடிபட்டது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாமலே இருந்தது. அதனால் எந்த வரியை நீக்கினாலும் ஏன் நீக்குகிறேன் என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதி வைக்கும் வழக்கம் வந்தது: 'நீளம்', 'மறுபடி', 'பயம்'. மூன்றாவது வகையை மறுவாரம் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். பாதியைத் திருப்பிச் சேர்த்திருக்கிறேன். நீக்கியதைத் திரும்பப் பெற வேண்டுமானால் ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாக வைத்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் பழையதன்மேலேயே சேமித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. முன்கூட்டியே திட்டம் வகுத்து எழுதுவது நல்லதா, போகிற போக்கில் எழுதுவது நல்லதா என்பதில் நானே கட்சி மாறியிருக்கிறேன்: முதல் நாவல் திட்டமில்லாமல், இரண்டாவது திட்டத்தோடு, இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே காலம் பிடித்தது. கையால் எழுதினால் நடை நன்றாக வரும் என்பார்கள். எனக்கு நோட்டுப் புத்தகம் பிடிக்கும் என்பதற்கு மேல் அதற்கு என்னிடம் சான்று இல்லை. திருத்தத்தின் எண்ணிக்கைக்கும் விதி கிடையாது. என் முதல் நாவலுக்கு ஏழு சுற்று, இரண்டாவதற்கு நான்கு. நிறுத்த வேண்டிய இடத்துக்கு மட்டும் ஓர் அடையாளம் சொல்வேன். கடைசி வரைவையும் அதற்கு இரண்டு முந்தையதையும் பக்கத்தில் வைத்து ஓர் அத்தியாயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 'சென்றான்' என்பதைப் 'போனான்' ஆக்கி, மறுபடி 'சென்றான்' ஆக்கியிருந்தால், நீங்கள் திருத்துவது நின்று நாளாகிவிட்டது, செய்துகொண்டிருப்பது அரித்தல்.

ஆகவே தாட்டோன் அன்பர் இப்போது செய்ய வேண்டியது, பிரதியை அச்செடுத்துக் கட்டிவைத்து, மழை ஓய்ந்து தடிஞ்சு விளக்குத் திருநாள் வரும்வரை அதைத் தொடாமல் இருப்பது. பிறகு பென்சிலோடு உட்காரலாம். புள்ளிகள் எங்கும் சமமாகத் தூவியிருந்தால் மூன்று வாசகரைத் தேடுங்கள். ஓரிடத்தில் மொய்த்திருந்தால், அங்கே வாக்கியத்தைத் தொடுவதற்கு முன், அந்த இடத்தில் எதை மறைத்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். டிரங்குப் பெட்டியிலிருக்கும் என் மூன்றாவது நாவலில் புள்ளிகள் எல்லாம் என் சின்னையா வரும் இருபத்திரண்டு பக்கத்தில் இருக்கின்றன. 1964இல் கடைகள் பறிபோனபின் மற்றவர்களைப்போல் இந்தியாவுக்குக் கப்பலேறாமல் இங்கேயே தங்கியவர் அவர். ஏன் தங்கினார் என்பதற்கு நான் அங்கே எழுதியிருக்கும் காரணம் பொய். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். சம்பந்தப்பட்ட ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அதை எப்படித் திருத்துவது என்று யாராவது கேட்டால், என்னிடம் இன்றைக்குப் பதில் இல்லை.